மோட்டார் ஹோமில் ராக்கி மலைப் பயணம்: ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

இருவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம், வயது 65-ஐத் தாண்டிவிட்டது, டென்வரில் 25 அடி மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரத்தில் ராக்கி மவுண்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் பார்த்துத் திரும்ப வேண்டும், இவ்வளவு பெரிய வண்டியை மலையில் ஓட்டிப் பழக்கமில்லை, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். அமெரிக்காவின் மேற்கு மலைச் சாலைகள் அகலமானவை, பெரும்பாலும் 6 அல்லது 7 சதவீதச் சரிவுக்குள் அமைந்தவை. வண்டி ஏறத் திணறினால் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். ஆபத்து இருப்பது இறக்கத்தில். அதனால் பதிலின் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறேன்.

முதலில் பாதை. டென்வரிலிருந்து எஸ்டெஸ் பார்க், அங்கிருந்து டிரெயில் ரிட்ஜ் ரோடு வழியாக கிராண்ட் லேக், கிரான்பி. பிறகு யு.எஸ். 40 நெடுஞ்சாலையில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், கிரெய்க். வடக்கே பேக்ஸ் வழியாக ஐ-80 நெடுஞ்சாலை ஏறி ராக் ஸ்பிரிங்ஸ், அங்கிருந்து யு.எஸ். 191-இல் பைன்டேல், ஜாக்சன். டீட்டன், யெல்லோஸ்டோன் முடித்து கிழக்கு வாசல் வழியாக கோடி நகரம், தெர்மோபொலிஸ், விண்ட் ரிவர் பள்ளத்தாக்கு, கேஸ்பர், ஐ-25 பிடித்து டென்வர். யெல்லோஸ்டோனுக்குள் சுற்றுவதையும் சேர்த்து சுமார் 1,400 மைல் வரும். காரில் இதை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மோட்டார் ஹோமில் ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல் திட்டமிடாதீர்கள், ராக் ஸ்பிரிங்ஸ் போகும் நாளும் கேஸ்பரிலிருந்து திரும்பும் நாளும் மட்டும் அதைத் தாண்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். டிரெயில் ரிட்ஜ் ரோடு பெரும்பாலும் மே கடைசியில் திறந்து அக்டோபர் நடுவில் மூடப்படும். அதன் உச்சி 12,183 அடி, அதில் 11 மைல் மரங்களே வளராத உயரத்தில் போகிறது. கோடையில் ராக்கி மவுண்டன் பூங்காவுக்கு நேரம் குறித்த முன்பதிவு தேவையா என்று பூங்காவின் தளத்தில் முன்பே பாருங்கள். பிற்பகலில் அங்கே இடி மின்னல் சகஜம். நண்பகலுக்குள் உச்சியைக் கடந்து கீழே வந்துவிடுங்கள்.

இனி வண்டி. வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி வண்டிகளில் பெரும்பாலானவை ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டப்பட்டவை. சுமையோடு சேர்த்து அதன் உச்ச எடை 14,500 பவுண்டு. வீடு, அலமாரி, டேங்க் எல்லாம் ஏற்றிய பிறகு உங்கள் சாமானுக்கு மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டிக்குள் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கும், கிளம்பும் முன் படித்துவிடுங்கள். நல்ல தண்ணீர் டேங்க் 40 கேலன் என்றால் நிரம்பியதும் 330 பவுண்டுக்கு மேல் எடை. அடுத்த கேம்ப்கிரவுண்டில் தண்ணீர் உண்டென்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். தேவையில்லாமல் ஒரு பீப்பாய் தண்ணீரைக் கணவாய் மேல் தூக்கிக்கொண்டு போவானேன்?

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். டிரெயில் ரிட்ஜ் உச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் 30 மைல் வேகத்தில்தான் போகிறது என்றால் வண்டியில் கோளாறு இல்லை. கியர் இறங்கி எஞ்சின் உறுமும், விசிறி விமானம்போல இரையும், அதுவும் இயல்பே. வெப்ப முள் நடுவைத் தாண்டி ஏறினால் மட்டும் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். பின்னால் நாலைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்கிடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். பொறுமையிழந்தவர் வளைவில் உங்களை முந்தப் பார்ப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து.

பெட்ரோல் பங்கில் ஒரு விஷயம். மலை மாநிலங்களில் 'ரெகுலர்' என்று விற்பது பல இடங்களில் 85 ஆக்டேன். ஃபோர்டு கேட்பது குறைந்தது 87. அங்கே நடு பட்டனில் இருப்பது அதுதான், அதையே போடுங்கள். கேலனுக்கு 8 முதல் 10 மைல் கிடைக்கும். டேங்க் 55 கேலன் பிடிக்கும் என்றாலும் பாதிக்குக் கீழே விடாதீர்கள். வயோமிங் மாநிலத்தில் ஊர்கள் வெகு தூரம் தள்ளி இருக்கின்றன, தவிர டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். ஓட்டுவதற்குப் பெட்ரோல் மிஞ்சட்டும் என்றே அதன் குழாயை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது இறக்கம். உங்கள் பாதையில் கடினமானது ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் வரும் ராபிட் இயர்ஸ் கணவாய். உச்சி 9,426 அடி, ஊர் சுமார் 6,700 அடி. கிரான்பி பக்கமிருந்து ஏறுவது அவ்வளவு தெரியாது. உச்சியில் சமவெளிபோலக் கொஞ்ச தூரம் போய், திடீரென்று ஏறத்தாழ 7 சதவீதச் சரிவில் ஏழு மைல் இறங்கும். 14,000 பவுண்டு வண்டி அந்த உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், சுமார் 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். அது எங்காவது போயாக வேண்டும். எஞ்சினுக்குள் போனால் ரேடியேட்டர் பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்குள் போனால் டிஸ்க்கும் பேடும் பழுக்கக் காய்ந்து, பேட் வழுக்க ஆரம்பிக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும். ஆயில் ஈரப்பதத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 3 வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 140 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும். குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள். இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் வேறு வண்டி கேட்பதில் தவறே இல்லை.

செய்ய வேண்டியது இது. சரிவு தொடங்கும் முன், உச்சியிலேயே, கியர் லீவரின் நுனியில் இருக்கும் டோ/ஹால் (Tow/Haul) பட்டனை அழுத்துங்கள், பாரம் ஏற்றிய வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்தும்படி கியரைத் தாழ்வாக வைத்திருக்கும் வசதி அது. வேகத்தை 40-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சரிவில் இறங்க வேண்டும். வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைக்கலாம் என்று நினைத்தால் கியர்பாக்ஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறிய வேகத்தைப் பிரேக்தான் தின்ன வேண்டியிருக்கும். டோ/ஹால் போட்டிருக்கும்போது பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்தால் கியர் தானே ஒன்று இறங்கும். எஞ்சின் 4,000 ஆர்பிஎம் வரை கத்தும். பலர் இந்தச் சத்தத்துக்குப் பயந்து டோ/ஹாலை அணைத்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்தக் கத்தல் எஞ்சின் உங்களுக்காக வண்டியைப் பிடித்து நிறுத்தும் சத்தம். விட்டுவிடுங்கள், கத்தட்டும்.

அப்படியும் வேகம் ஏறும். 40 நீங்கள் வைத்துக்கொண்ட எல்லை என்றால், முள் 40-ஐத் தொட்டதும் பிரேக்கை நன்றாக மிதித்து, மூன்று விநாடியில் 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 40 ஆகும்வரை பிரேக் பக்கமே போகாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் டிஸ்க்கில் காற்றுப் பட்டு ஆறும். கால் நுனியால் லேசாக மிதித்தபடியே ஏழு மைலும் இறங்குவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் பேட் ஒரு நொடிகூட ஆறாமல் எரிவது அப்போதுதான். கருகிய வாடை வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். பெடல் கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை என்றால், கட்டுப்பாடிழந்த லாரிகளுக்காகப் போட்டிருக்கும் கூழாங்கல் ஏற்றத்தில் தயங்காமல் ஏற்றிவிடுங்கள். அது லாரிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இதே கணக்கில், ஜிபிஎஸ் காட்டினாலும் போகக்கூடாத சாலைகள் சில உண்டு. ஐடஹோ பக்கமிருந்து ஜாக்சன் வந்தால் அது டீட்டன் கணவாய் வழியாக அனுப்பும், அங்கே சரிவு 10 சதவீதம். ஸ்வான் வேலி, ஆல்பைன், ஹோபேக் வழியாகச் சுற்றி வருவதே சரி. நான் சொன்ன பைன்டேல் பாதையில் இந்தப் பிரச்சினையே இல்லை. டீட்டன் பூங்காவுக்குள் மூஸ்-வில்சன் ரோட்டில் மோட்டார் ஹோமுக்கு அனுமதி இல்லை. பிக்ஹார்ன் மலையைக் கடக்க நேர்ந்தால் யு.எஸ். 14ஏ வேண்டாம், அதிலும் 10 சதவீதச் சரிவு. தெற்கே யு.எஸ். 16 எவ்வளவோ மேல். ஆசைப்பட்டு கிளேசியர் பூங்காவையும் சேர்த்துக்கொண்டால், கோயிங்-டு-த-சன் ரோட்டின் நடுப்பகுதியில் 21 அடி நீளத்துக்கோ 8 அடி அகலத்துக்கோ மேற்பட்ட வண்டிகளை விடமாட்டார்கள், அகலத்தில் கண்ணாடிகளும் சேர்த்தி.

உங்கள் வண்டியின் உயரத்தை, மேலே இருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். 11 அடியிலிருந்து 12 அடிக்குள் இருக்கும். மலைச் சுரங்கங்களைவிட பெட்ரோல் பங்கு கூரையும் ஹோட்டல் முகப்பும்தான் அதிகம் இடிபடும். பின் சக்கரத்துக்குப் பின்னால் எட்டு ஒன்பது அடி உடல் நீட்டிக்கொண்டிருப்பதையும் மறக்க வேண்டாம். இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும், மூன்றடி நீட்டலுக்கு ஓரடி வீச்சு என்று கொள்ளலாம். பங்கிலிருந்து கிளம்பும்போது பம்பைத் தாண்டும்வரை நேராக வந்து பிறகே ஒடியுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி ஓட்டுநர் பக்கப் பின் மூலையில், கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். கை சைகைகளை டென்வரில் ஒரு காலி பார்க்கிங்கில் அரை மணி நேரம் பழகிக்கொள்ளுங்கள். கேம்ப்கிரவுண்டில் மற்றவர்கள் பார்க்க நிற்கும்போது தம்பதிக்குள் வரும் வாக்குவாதம் பெரும்பாலும் இதனால்தான்.

வயோமிங்கில் மலையைவிடக் காற்று பொல்லாதது. ஐ-80-இலும், ஐ-25-இல் வீட்லேண்ட் பக்கத்திலும் காலி டிரெய்லர்கள் கவிழ்வது வழக்கம். சாலை நிலவரம் சொல்லும் வயோமிங் 511 செயலியில் உயரமான, இலகு வண்டிகளுக்கு மூடல் என்று போட்டிருந்தால் அது உங்களுக்கும்தான். காற்றின் வீச்சு மணிக்கு 40 மைலைத் தாண்டினால் அன்று ஓட்ட வேண்டாம். காலையில்தான் காற்று அடங்கியிருக்கும்.

டயரில் பின்பக்கம் இரட்டைச் சக்கரம். உள்சக்கரத்தின் வால்வு கைக்கு எட்டாது என்று பலர் பார்ப்பதே இல்லை. அதில் காற்று இறங்கினால் வெளிச்சக்கரம் இரட்டைப் பாரம் சுமந்து மலைச் சூட்டில் வெடிக்கும். நீண்ட முனை கொண்ட கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வண்டி நகரும் முன் பாருங்கள். அளவு கதவோர ஸ்டிக்கரில் இருக்கும், பின்பக்கம் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும், 3519 என்றால் 2019-இன் 35-வது வாரம். ஏழு வயதான டயரை ஏற்காதீர்கள்.

தங்குமிடத்துக்கு வருவோம். யெல்லோஸ்டோனுக்குள் கரண்ட், தண்ணீர், கழிவு மூன்றும் உள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. டீட்டனில் கோல்டர் பே. இரண்டும் ஓராண்டுக்கு முன்பே நிறைய ஆரம்பிக்கும். 62 வயது நிறைந்த, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவருக்கு 80 டாலரில் வாழ்நாள் பாஸ் உண்டு. காரில் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து நுழைவு இலவசம், அரசு கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் பாதிக் கட்டணம். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. 2026 முதல் வெளிநாட்டவருக்கு இந்த மூன்று பூங்காக்களிலும் தலைக்கு 100 டாலர் கூடுதல், அதற்கு 250 டாலர் ஆண்டு பாஸ் எடுப்பதே லாபம்.

முப்பது ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 13 ஆம்பியர் இழுக்கும்போது 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் 28 ஆகிவிடும், மைக்ரோவேவைத் தொட்டால் டிரிப் ஆகும். இணைப்பு இல்லாத இடத்தில் ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியிலிருந்து சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி. சாதாரண 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி வைத்திருப்பவர் அதன் ஈரப்பத ஹீட்டரை அணைத்துவிட்டால்தான் விடியும்வரை தாங்கும். ஜெனரேட்டரைப் பூங்காக்களில் பகலில் குறித்த நேரத்தில்தான் ஓட்ட விடுவார்கள்.

பல வண்டிகளில் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை. சாய்ந்த தரையில் மணிக்கணக்கில் நின்றால் உள்ளே திரவம் தேங்கிக் கெட்டுப்போகும், ஆகவே மட்டம் பார்த்து, தேவைப்பட்டால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து நிறுத்துங்கள். உயரத்தில் கேஸ் சுடர் அணைவதும் உண்டு, 5,500 அடிக்கு மேல் கரண்ட் இருந்தால் கரண்டிலேயே ஓட்டுங்கள். இன்சுலின் வைத்திருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வகை ஃபிரிட்ஜில் பின்சுவரில் வரிசையாக உலோகத் தகடுகள் இருக்கும், அதை ஒட்டி வைத்த மருந்து உறைந்துபோகும். உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. கதவுப் பக்கத் தட்டில், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள்.

யெல்லோஸ்டோன் ஏரிக்கரை 7,733 அடி. தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாது, சோறு விறைத்திருக்கும். குக்கர் எடுத்துப் போங்கள், வழக்கமான நேரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். தாளிக்கும்போது கூரைக் காற்றுப்போக்கியைத் திறந்துவிடுங்கள். மிளகாய்ப் புகைக்கு அலாரம் அலறும், அதற்காக பேட்டரியைக் கழற்றிவைத்து மறந்துவிடக் கூடாது. கேஸ் கசிவு அலாரம் தரையோரம் இருக்கும், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால். அதன் முன்னால் பையையோ செருப்பையோ போட்டு மறைக்காதீர்கள்.

கழிவு டேங்க் இரண்டு: கழிப்பறைக்கு பிளாக், குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு கிரே. பிளாக் டேங்க் வால்வை, கேம்ப்கிரவுண்டில் குழாய் மாட்டியிருந்தாலும் மூடியே வையுங்கள். திறந்துவைத்தால் தண்ணீர் மட்டும் ஓடி, மற்றது அடியில் கூம்பாக இறுகிவிடும். காலி செய்தவுடன் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள், தண்ணீரைத் தாராளமாகவே பயன்படுத்துங்கள். காலி செய்யும்போது கையுறை போட்டு முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். சாம்பார், எண்ணெய் ஒட்டிய தட்டை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவினால் கிரே டேங்க் நாறாது. நல்ல தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள். ஜூனிலும் செப்டம்பரிலும் இரவு உறைநிலைக்குப் போகலாம், படுக்கும் முன் குழாயைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

உடம்புக்கு: டென்வர் 5,280 அடி. அங்கே இரண்டு இரவு, எஸ்டெஸ் பார்க்கில் இரண்டு இரவு தங்கிப் பிறகு மேலே போனால் உடம்பு பழகிக்கொள்ளும். தலைவலி, வாந்தி உணர்வு வந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதயம், ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் இந்தப் பாதையின் உயரங்களை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இருட்டிய பின் ஓட்ட வேண்டாம். எல்க் என்னும் பெரிய மானும் மற்ற மான்களும் அந்தி, விடியல் நேரத்தில்தான் சாலைக்கு வரும். காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது யெல்லோஸ்டோன் சட்டம். வெந்நீர் ஊற்றுகளின் பார்க்கிங் பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடும், நீளமான வண்டிக்கு அதற்கு முன்பே இடம் போய்விடும். ஒன்பதுக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல்.

வண்டியைத் திருப்பித் தரும் நாளுக்கு முந்தைய இரவு டென்வருக்கு அருகிலேயே தங்குங்கள். காலையில் இரண்டு டேங்கையும் காலி செய்து, பெட்ரோலும் புரொப்பேனும் நிரப்பி, மைல் மீட்டரையும் ஜெனரேட்டர் மணி மீட்டரையும் படம் எடுத்துவைத்துக்கொள்ள இரண்டு மணி நேரமாவது ஆகும்.